திறந்த உலக ஆர்பிஜி ஆட்டங்கள்: பரப்பும் தரமும் குறித்த விவாதத்தின் வரலாறு

திறந்த உலக ஆர்பிஜி என்பது வீடியோ கேம்களில் ஒரு வகை. ஆட்டக்காரர் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அதன் திறன்களைப் படிப்படியாக வளர்த்துக்கொண்டு, பெரியதொரு நிலப்பரப்பில் தான் விரும்பிய திசையில் செல்லலாம். கதை ஒன்று இருக்கும். ஆனால் அதை எப்போது, எந்த வரிசையில் தொடர்வது என்பதை ஆட்டக்காரரே தீர்மானிப்பார். எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசை, தி விட்சர் 3, சைபர்பங்க் 2077, எல்டன் ரிங் ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை.

இவ்வகை ஆட்டங்கள் பெரும் புகழையும் கடும் குறைகூறலையும் ஒருங்கே பெற்றவை. ஆண்டின் சிறந்த ஆட்டம் என்று விருது பெற்ற ஒன்றே பிழைகளுக்காகக் கேலிக்கும் உள்ளாகும். உலகம் பெரியது ஆனால் வெறுமையானது, பணிகள் ஒரே மாதிரியானவை, எதிரிகளின் வலிமையில் பொருத்தம் இல்லை, முடிக்காமலே விற்றுவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டுகள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுகின்றன. வரலாற்றை வரிசையாகப் பார்க்கும்போது, இக்குறைகளில் பல வெறும் கவனக்குறைவால் நேர்ந்தவை அல்ல என்பது தெரிகிறது. ஆட்டக்காரருக்கு அளித்த சுதந்திரமே அவற்றுக்கு வேராக இருக்கிறது. ஒரு குறையைத் தீர்க்க எடுத்த முடிவு அடுத்த ஆட்டத்தின் குறையாக மாறிய நிகழ்வுகளும் பல.

தொடக்கம்

பாத்திரமேற்று ஆடும் முறை கணினிக்கு முந்தையது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி 1974-ல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி அமர்ந்து தாள், பென்சில், பகடை கொண்டு ஆடுவது. அதில் கதையை நடத்திச்செல்ல ஒருவர் இருப்பார். ஆட்டக்காரர் எதிர்பாராத ஒன்றைச் செய்தால், அதற்கேற்ற விளைவை அவர் அந்த நொடியிலேயே கற்பனை செய்து சொல்லிவிடுவார். கணினியில் அந்த மனிதர் இல்லை. ஆட்டக்காரர் எங்கெல்லாம் செல்லக்கூடும், என்னவெல்லாம் செய்யக்கூடும் என்பதை முன்கூட்டியே எண்ணி எழுதி வைத்தாக வேண்டும். திறந்த உலக ஆட்டங்களின் எல்லாச் சிக்கல்களும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வளர்ந்த ரிச்சர்ட் கேரியட் 1981-ல் வெளியிட்ட அல்டிமா, கண்டங்களும் ஊர்களும் நிலவறைகளும் கொண்ட உலகத்தை ஆட்டக்காரரின் விருப்பத்திற்குத் திறந்துவிட்டது. அந்த வரிசையில் 1992-ல் வந்த ஏழாம் அல்டிமாவில் ஊர்மக்கள் காலையில் எழுந்து வேலைக்குப் போனார்கள், உண்டார்கள், இரவில் உறங்கினார்கள். ஆட்டக்காரர் மாவைப் பிசைந்து அடுப்பில் வைத்து ரொட்டி சுடலாம். கதைக்கு அந்த ரொட்டியால் பயன் ஒன்றும் இல்லை. ஆனால் உலகம் தன்போக்கில் இயங்குகிறது என்ற உணர்வை அது தந்தது.

இதற்கு நேர் எதிரான வழியை இங்கிலாந்தின் எலைட் காட்டியது. கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிரேபன், இயன் பெல் ஆகியோர் 1984-ல் வெளியிட்ட இந்த விண்வெளி வணிக ஆட்டம், 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினியில் ஓடியது. அவ்வளவு சிறிய இடத்தில் உலகங்களைச் சேமித்து வைக்க முடியாது. எனவே சில தொடக்க எண்களிலிருந்து கணக்கீட்டின் மூலம் கோள்களின் பெயர், இருப்பிடம், பொருளாதாரம் ஆகியவற்றை நிரலே உருவாக்கியது. இந்த முறை நிரல்வழி உருவாக்கம் எனப்படும். கோடிக்கணக்கான கோடி விண்மீன் மண்டலங்களைக் கூட இம்முறையில் தந்திருக்க முடியும். ஆனால் எண்ணிக்கை மிகுந்தால் அவற்றின் செயற்கைத்தன்மை வெளிப்பட்டுவிடும் என்று கருதிய பதிப்பாளர், 8 மண்டலங்களில் மண்டலத்துக்கு 256 கோள்களாக வரம்பிடச் செய்தார். கையால் செய்த சிறிய உலகமா, கணினி செய்த பெரிய உலகமா என்ற விவாதம் அப்போதே தொடங்கிவிட்டது.

டாகர்ஃபால்: பரப்பின் உச்சம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த பெதெஸ்டா நிறுவனம் 1994-ல் அரீனா என்ற ஆட்டத்துடன் எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையைத் தொடங்கியது. 1996-ல் வந்த இரண்டாவது ஆட்டமான டாகர்ஃபால், கணினி செய்த பெரிய உலகம் என்ற வழியின் எல்லைக்கே சென்றது. பிரிட்டனுக்கு ஒப்பான பரப்பு, நகரம், சிற்றூர், நிலவறை என ஏறத்தாழ 15,000 இடங்கள் என்று அது விளம்பரப்படுத்தப்பட்டது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நடந்தே போக நினைத்தால் மணிக்கணக்கில் நடக்க வேண்டும்.

அதில் கிடைத்த சுதந்திரம் இன்றைய ஆட்டங்களில்கூட அரிது. வங்கியில் கடன் வாங்கலாம், வீடும் கப்பலும் வாங்கலாம், குற்றம் செய்து பிடிபட்டால் நீதிமன்றத்தில் வாதாடலாம். 35 திறன்கள் இருந்தன. அவற்றுள் அரக்கர்களின் மொழிகளைப் பேசுவதும் அடங்கும். முதன்மைக் கதையில் ஒரு கடிதத்துக்குக் குறித்த காலத்தில் பதில் தராவிட்டால் அந்தக் கதை அதோடு நின்றுபோகும். உலகம் ஆட்டக்காரருக்காகக் காத்திருக்காது.

குறைகளும் அதே அளவில் இருந்தன. முன்பே செய்த துண்டுகளை இணைத்துக் கணினி அமைத்த நிலவறைகள், வெளியேறும் வழி தெரியாத புதிர்க்கூடங்களாக அமைந்தன. ஒரு சிற்றூரைப் பார்த்தவர் நூறு சிற்றூர்களைப் பார்த்தவர் ஆனார். சுவரின் இடைவெளி வழியாக வெற்றுவெளியில் விழுந்து வெளியேற முடியாமல் சிக்குவது வாடிக்கையானது. கதையையே முடிக்க முடியாமல் தடுக்கும் பிழைகளும் இருந்தன. ஆட்டத்தின் பெயரைத் திரித்து ரசிகர்கள் கேலிப்பெயர் வைக்கும் அளவுக்கு இவை பேசப்பட்டன. 35 திறன்களையும் ஆயிரக்கணக்கான இடங்களையும் ஒரு சிறிய குழு முழுமையாகச் சோதித்துப் பார்ப்பது இயலாத காரியம். ஆட்டத்தின் பெருமை எதுவோ அதுவே அதன் பிழைகளுக்கும் காரணமாக இருந்தது.

மோரோவிண்டும் கோதிக்கும்: சுருங்கிய நிலம்

டாகர்ஃபாலுக்குப் பின் வந்த இரு துணை ஆட்டங்கள் சரியாக விற்கவில்லை. நிறுவனம் நிதி நெருக்கடியில் இருந்தபோது டாட் ஹாவர்ட் தலைமையில் மூன்றாவது ஆட்டம் உருவானது. 2002-ல் வெளியான மோரோவிண்ட், ஒரே ஒரு தீவில் நடப்பது. அதன் பரப்பு சுமார் 24 சதுர கிலோமீட்டர் மட்டுமே. முந்தைய ஆட்டத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு புள்ளி. ஆனால் அந்தப் புள்ளியில் இருந்த பாறை, குடிசை, கல்லறை, புத்தகம் ஒவ்வொன்றையும் மனிதர்கள் கையால் வைத்திருந்தார்கள். பூதக் காளான்களின் உள்ளே வீடுகள், ராட்சத நண்டின் ஓட்டுக்குள் குடையப்பட்ட மாளிகை, ஆளைச் சுமந்து செல்லும் பெரும் பூச்சிகள் என்று அந்தத் தீவு வேறெங்கும் காணாததாக இருந்தது.

மோரோவிண்டில் சேருமிடத்தைக் காட்டும் குறி கிடையாது. "ஆற்றைத் தாண்டி வடக்கே போ, இரட்டைப் பாறை வந்ததும் கிழக்கே திரும்பு" என்ற பாணியில் ஊர்மக்கள் வழி சொல்வார்கள். ஆட்டக்காரர் நிலத்தைக் கவனித்து நடக்க வேண்டும். கதைக்கு இன்றியமையாத ஒருவரைக்கூட ஆட்டக்காரர் கொன்றுவிடலாம். விதியின் இழை அறுந்தது என்ற எச்சரிக்கை வரும், ஆனால் ஆட்டம் நிற்காது.

இதன் மறுபக்கமும் உண்டு. வழிசொல்லும் குறிப்புகளில் சில தவறாகவே இருந்தன. பணிக்குறிப்பேடு நாள்வாரியாக மட்டும் எழுதப்பட்டதால் பழைய பணியைத் தேடிப்பிடிப்பது பெரும்பாடு. அதே ஆண்டில் வந்த விரிவாக்கத்தில்தான் பணிவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி சேர்ந்தது. வாள் எதிரியின் உடலில் பட்டதைக் கண்ணால் பார்த்தாலும், உள்ளே உருளும் பகடை கைவிட்டால் அடி விழாது. மேசை ஆட்டத்தில் இயல்பாக இருந்த இந்த விதி, முப்பரிமாணத் திரையில் பொருந்தாமல் நின்றது.

இதே காலத்தில் ஜெர்மனியின் பிரான்யா பைட்ஸ் குழு 2001-ல் வெளியிட்ட கோதிக், நிலத்தை இன்னும் சுருக்கியது. மாயத்தடுப்பு சூழ்ந்த ஒரு சுரங்கச் சிறைப் பள்ளத்தாக்கும் மூன்று முகாம்களுமே அதன் உலகம். பிறர் குடிசைக்குள் அனுமதியின்றி நுழைந்தால் வீட்டுக்காரர் எச்சரித்து, பிறகு ஆயுதம் எடுப்பார். காட்டுக்குள் போகக்கூடாத இடம் எது என்பதை அங்குள்ள விலங்கின் பல் சொல்லும். சிறிய உலகம் ஆட்டக்காரரின் செயலைக் கவனிக்கும் உலகமாக இருக்க முடியும் என்பதற்கு இன்றும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். கைக்கு ஒவ்வாத அதன் கட்டுப்பாட்டு முறையையும் கூடவே சொல்லாமல் விடுவதில்லை.

ஒப்லிவியன்: சமன்செய்யப்பட்ட உலகம்

எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற வாக்குறுதியில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. புதிதாகத் தொடங்கியவர் வலிய அரக்கனின் குகைக்குள் நுழைந்தால் உடனே மடிவார். வலிமை பெற்றபின் எளிய குகைக்குள் நுழைந்தால் அலுப்படைவார். 2006-ல் வந்த ஒப்லிவியன் இதற்கு ஒரு தீர்வு கண்டது. ஆட்டக்காரரின் லெவல் உயர உயர, உலகில் உள்ள எதிரிகளும் கூடவே வலிமை பெறுவார்கள். இதனால் எந்தத் திசையில் போனாலும் போட்டி பொருத்தமாக இருக்கும் என்பது கணக்கு.

விளைவு வேறாக இருந்தது. வழிப்பறிக் கொள்ளையர்கள் சில காலத்தில் நாட்டிலேயே அரிதான கண்ணாடிக் கவசம் அணிந்துகொண்டு சில்லறைக் காசு கேட்டு மிரட்டினார்கள். பேச்சு, வணிகம் போன்ற திறன்களை வளர்த்தவருக்கு லெவல் ஏறியது, ஆனால் சண்டைத்திறன் ஏறவில்லை. எதிரிகளோ சண்டையில் வலிமை பெற்றார்கள். எனவே வளர வளரப் பலவீனப்படும் விந்தை நேர்ந்தது. வளர்ச்சியே மையமான ஒரு வகையில், வளராமல் இருப்பது நல்ல உத்தியாகிவிட்டது. ரசிகர்கள் உருவாக்கிய மாற்றத் தொகுப்புகள் பல இந்த விதியைத் திருத்தவே முதலில் முனைந்தன.

மக்களின் நடத்தையை இயக்க ரேடியன்ட் ஏஐ என்ற முறை அறிமுகமானது. பாத்திரங்களுக்குத் தேவைகள் மட்டும் கொடுக்கப்பட்டன. அவற்றை எப்படி நிறைவேற்றுவது என்பதை அவையே முடிவு செய்யும். சோதனைக் காலத்தில் சில பாத்திரங்கள் வேண்டிய பொருளுக்காக ஒருவரையொருவர் கொன்றதால், முறையின் வீச்சைக் குறைக்க வேண்டியிருந்தது. எல்லா உரையாடலுக்கும் குரல் பதிவு செய்யப்பட்டது. பேரரசருக்கு நடிகர் பேட்ரிக் ஸ்டூவர்ட் குரல் கொடுத்தார். ஆனால் ஆயிரக்கணக்கான வரிகளைச் சில குரல்களே பகிர்ந்துகொண்டதால், நடுங்கும் குரலில் பிச்சை கேட்டவர் அடுத்த வரியில் கம்பீரமாகப் பேசினார். குரல் பதிவுக்குச் செலவு மிகுதி என்பதால் எழுத்தும் சுருங்கியது. மோரோவிண்டின் நீண்ட வழிக்குறிப்புகளுக்கு இங்கு இடமில்லை. அவற்றின் இடத்தைத் திசைகாட்டியில் ஒரு குறி பிடித்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் குதிரைக்கான கவசம் ஒன்றை 2.50 டாலருக்குத் தனியாக விற்றது பெரும் கேலிக்குள்ளானது. ஆட்டத்தில் எந்தப் பகுதியை விலைக்குள் தர வேண்டும், எதைத் தனியாக விற்கலாம் என்ற விவாதத்துக்கு அது இன்றுவரை ஒரு குறியீடு.

ஸ்கைரிம்: பிழையும் புகழும்

2011 நவம்பர் 11 அன்று வெளியான ஸ்கைரிம் இந்த வகையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. 2023-ல் அதன் விற்பனை 6 கோடி பிரதிகளைக் கடந்துவிட்டதாக ஹாவர்ட் தெரிவித்தார். பனிமலையின் உச்சி தூரத்தில் தெரியும், அங்கே நடந்தே போய்விடலாம், போகும் வழியில் வேறொன்று கண்ணில் படும். இந்த எளிய இன்பத்தை அதைப் போலத் தந்த ஆட்டம் அதற்கு முன் குறைவு.

பழைய ரசிகர்களின் கணக்கு வேறு. டாகர்ஃபாலில் 35 ஆக இருந்த திறன்கள் மோரோவிண்டில் 27, ஒப்லிவியனில் 21, ஸ்கைரிமில் 18 எனக் குறைந்தன. வலிமை, அறிவு போன்ற அடிப்படைப் பண்புகளும், சொந்தமாக மந்திரம் உருவாக்கும் வசதியும் நீங்கின. இது ஆழத்தை இழப்பது என்று ஒரு சாராரும், தேவையற்ற கணக்கைக் களைவது என்று மறுசாராரும் வாதிட்டனர். இரு தரப்புக்கும் சான்று உண்டு. திறன்கள் குறைந்ததால் சமன்செய்தலும் சோதனையும் எளிதாயின. எதைச் செய்தாலும் எல்லாம் ஆகலாம் என்பதால் ஒரு பாத்திரத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு மங்கியது. போர்வீரராக வாழ்ந்தவர் சில மந்திரங்களை மட்டும் அறிந்துகொண்டே மந்திரவாதிகள் கல்லூரியின் தலைவர் ஆகலாம்.

பிழைகள் தொடர்ந்தன. பிளேஸ்டேஷன் 3 கருவியில் சேமிப்புக் கோப்பு பெரிதாகப் பெரிதாக ஆட்டம் தள்ளாடியது. ஆட்டம் நினைவில் வைத்திருக்கும் மாற்றங்களின் எண்ணிக்கை கூடக் கூட இது மோசமானது. உலகம் எல்லாவற்றையும் நினைவில் கொள்கிறது என்ற சிறப்பே சுமையாக மாறியது. பிழைகளைத் திருத்த வந்த ஓர் இணைப்புக்குப் பிறகு டிராகன்கள் பின்புறமாகப் பறந்தன.

ஸ்கைரிமை இவ்வளவு காலம் வாழவைத்ததில் ரசிகர்களுக்குப் பங்கு உண்டு. மோரோவிண்ட் காலம் முதலே பெதெஸ்டா தன் வடிவமைப்புக் கருவிகளைப் பொதுவில் வெளியிட்டு வந்தது. அவற்றைக் கொண்டு ரசிகர்கள் செய்யும் மாற்றங்கள் மாட் எனப்படும். ஆயிரக்கணக்கான பிழைகளைத் திருத்தும் அதிகாரப்பூர்வமற்ற திருத்தத் தொகுப்பு இவற்றுள் புகழ்பெற்றது. சம்பளமில்லாத ரசிகர்கள் நிறுவனத்தின் வேலையைச் செய்கிறார்களா, இது ஆட்டத்தின் சிறப்பா குறையா என்ற கேள்வி இதிலிருந்து எழுந்தது. 2015 ஏப்ரலில் ஸ்டீம் தளத்தில் மாட்களுக்கு விலை வைக்கும் திட்டம் வந்தபோது, விலையில் 25 விழுக்காடு மட்டுமே உருவாக்கியவருக்குச் சேரும் என்றிருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களிலேயே திட்டம் கைவிடப்பட்டது.

மதிப்பெண்ணின் விலை

தரம் குறித்த விவாதம் ரசிகர்களின் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. பெதெஸ்டாவுக்காக ஆப்சிடியன் குழு உருவாக்கிய ஃபால்அவுட்: நியூ வேகஸ் 2010-ல் வெளியானது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் முடிக்கப்பட்ட அந்த ஆட்டம் வெளியீட்டு நாளில் பிழைகள் மலிந்து இருந்தது. விமர்சனங்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 மதிப்பெண் பெற்றால் குழுவுக்குக் கூடுதல் தொகை கிடைக்கும் என்பது ஒப்பந்தம். கிடைத்தது 84. ஒரு மதிப்பெண்ணில் தொகை நழுவியதை அக்குழுவின் வடிவமைப்பாளர் ஒருவர் 2012-ல் வெளிப்படுத்தினார்.

இன்று நியூ வேகஸின் பெயர் வேறு இடத்தில் இருக்கிறது. நாலு தரப்புகளில் எவரோடும் சேரலாம், சேர்ந்ததன் விளைவு பல மணிநேரம் கழித்து வந்து நிற்கும் என்பதற்காக, தேர்வுகளுக்குப் பொருள் தரும் ஆர்பிஜிக்கு முன்மாதிரியாக அது சொல்லப்படுகிறது. வெளியான வாரத்தில் பிழைகள் கண்ணில் படும். எழுத்தின் ஆழம் தெரிய ஆண்டுகள் ஆகும். நூறு மணிநேர ஆட்டத்தைச் சில நாட்களில் ஆடி மதிப்பெண் தரும் முறையின் வரம்பை இந்த நிகழ்வு காட்டியது.

குறிகள் நிறைந்த வரைபடம்

2010களில் வரைபடம் முழுதும் குறிகளைத் தூவுவது வழக்கமானது. கனடாவின் பயோவேர் வெளியிட்ட டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன் 2014-ன் சிறந்த ஆட்டமாகத் தி கேம் அவார்ட்ஸ் விருது பெற்றது. ஆனால் அதன் முதல் பெரிய பகுதியான ஹின்டர்லேண்ட்ஸில், மூலிகை பறிப்பது, ஆட்டுக்கறி சேர்ப்பது போன்ற சில்லறைப் பணிகளை முடித்துக்கொண்டே பலர் பல மணிநேரம் தங்கிவிட்டனர். முதன்மைக் கதை வேறிடத்தில் காத்திருந்தது. அந்தப் பகுதியை விட்டுக் கிளம்புங்கள் என்பதே புதியவர்களுக்குச் சொல்லப்பட்ட முதல் அறிவுரை. கட்டாயம் இல்லாத பணியையும் பட்டியலில் கண்டால் முடிக்காமல் விட மனம் வராது என்பதை வடிவமைப்பாளர்கள் குறைத்து மதிப்பிட்டிருந்தனர்.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2015-ல் வெளியிட்ட தி விட்சர் 3 இதற்கு மாற்று காட்டியது. ஆண்ட்ரே சப்கோவ்ஸ்கியின் நாவல்களை அடிப்படையாகக் கொண்ட அந்த ஆட்டத்தில், பக்கப் பணிகளும் முழுமையான சிறுகதைகளாக எழுதப்பட்டன. போரால் சிதைந்த வேலன் பகுதியில் குடிகாரப் பிரபு ஒருவர் தன் மனைவியையும் மகளையும் தேடச் சொல்வார். தேடத் தேட, அவர்கள் ஏன் ஓடினார்கள் என்பது தெரியவரும். நல்லவர் கெட்டவர் என்று எளிதில் பிரிக்க முடியாத அந்தப் பகுதி இவ்வகை ஆட்டங்களின் எழுத்துக்குப் புதிய அளவுகோலானது.

எனினும் ஸ்கெல்லிகே தீவுகளைச் சூழ்ந்த கடலில், ஒன்றுபோல இருக்கும் கள்ளக்கடத்தல் பெட்டிகளைக் காட்டும் கேள்விக்குறிகள் அதிலும் நிறைந்திருந்தன. இன்னொரு முரணும் பேசப்பட்டது. கதாநாயகன் ஆபத்தில் உள்ள தன் வளர்ப்பு மகளை அவசரமாகத் தேடுகிறான். ஆட்டக்காரரோ விடுதிகளில் க்வெண்ட் சீட்டாடி வாரங்களைக் கழிக்கிறார். கதைக்கு அவசரம் தேவை, திறந்த உலகத்துக்கு நிதானம் தேவை. டாகர்ஃபால் இதைக் காலக்கெடுவால் தீர்க்க முயன்று ஆட்டக்காரர்களை இழந்த கதையோடு விட்டது. பின்வந்தவை காலத்தையே நிறுத்திவைத்தன.

குறிகளை நீக்கியவை

ஜப்பானின் நின்டெண்டோ 2017-ல் வெளியிட்ட தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட், குறிகளைப் பெரும்பாலும் நீக்கியது. மலையோ சுவரோ எதன்மேலும் ஏறலாம். மேட்டில் நின்று பார்த்து, போக விரும்பும் இடத்தை ஆட்டக்காரரே குறித்துக்கொள்ள வேண்டும். நெருப்பு புல்லில் பரவும், மழை பாறையை வழுக்கச் செய்யும், இடி உலோகத்தைத் தேடி விழும். லெவல் முறை இல்லாததால் அதை ஆர்பிஜி என்று பலர் ஏற்பதில்லை. ஆனால் திறந்த உலக ஆர்பிஜிகள் அதன்பின் அதோடு ஒப்பிடப்படாமல் இருந்ததில்லை. அடிக்கடி உடையும் ஆயுதங்கள் அதன்மீதான நீங்காத புகார். ஒரே வாளைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் புதிய வழிகளைத் தேடவைக்கவே அந்த விதி.

ஹிடெடாகா மியாசாகி இயக்கி ஃப்ரம்சாஃப்ட்வேர் 2022-ல் வெளியிட்ட எல்டன் ரிங், பணிக்குறிப்பேட்டையும் தவிர்த்தது. லெவல் சிக்கலுக்கு ஒப்லிவியனின் தீர்வை அது ஏற்கவில்லை. எதிரிகள் தங்கள் வலிமையிலேயே இருப்பார்கள். வெல்ல முடியாதவரைக் கண்டால் வேறு திசையில் போய் வலிமை பெற்றுத் திரும்பலாம். தோல்வி திசைகாட்டியாகச் செயல்பட்டது. தேடிக் கண்டடைந்த உணர்வை இது தந்தது என்று பாராட்டப்பட்டது. அதே நேரத்தில், முக்கியப் பாத்திரங்களின் கதைகளைப் பிறர் எழுதிய வழிகாட்டி இல்லாமல் தொடர முடியவில்லை என்ற குறையும் எழுந்தது. வெளியாகிச் சில வாரங்களில் வந்த இணைப்பு, சந்தித்த பாத்திரங்களின் இடத்தை வரைபடத்தில் காட்டத் தொடங்கியது. ஒன்றுபோல இருக்கும் கல்லறைச் சுரங்கங்களும் திரும்பத் திரும்ப வரும் எதிரித்தலைவர்களும் கையால் செய்த உலகத்துக்கும் வரம்பு உண்டு என்பதைக் காட்டின.

சைபர்பங்க் 2077: வாக்குறுதியின் சுமை

தி விட்சர் 3 பெற்ற நம்பிக்கையின் மேல் நின்று வந்தது சைபர்பங்க் 2077. 2012-ல் அறிவிக்கப்பட்டு, 2020-ல் மட்டும் மும்முறை தள்ளிப்போய், அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று வெளியானது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பே தரப்பட்டது. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் போன்ற பழைய கருவிகளில் ஆட்டம் எந்த நிலையில் உள்ளது என்பது வாங்கியபின்தான் தெரிந்தது. முகங்கள் உருவாகவில்லை, ஆட்டம் அடிக்கடி நின்றது. ஒரு வாரத்திலேயே சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூனில்தான் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது.

உருவாக்கியவர்களின் உழைப்பும் அப்போது விவாதப்பொருள் ஆனது. கட்டாய மிகைநேர வேலை இராது என்று முன்பு கூறியிருந்த நிறுவனம், வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில் ஆறுநாள் வேலைவாரத்தைக் கட்டாயமாக்கியது. துறையில் கிரஞ்ச் எனப்படும் இவ்வழக்கம், பெரிய உலகங்களைக் கையால் நிரப்புவதற்கு மனிதர்கள் கொடுக்கும் விலை. உலகம் கையால் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், பெரியதாகவும் இருக்க வேண்டும், சொன்ன தேதியில் வரவும் வேண்டும் என்ற மூன்று எதிர்பார்ப்புகள் ஒன்றாக நிறைவேறுவது அரிது.

2023 செப்டம்பரில் திறன் முறையையும் காவல்துறையின் நடத்தையையும் மாற்றியமைத்த 2.0 இணைப்பும், ஃபேண்டம் லிபர்ட்டி விரிவாக்கமும் வந்தபின் ஆட்டத்தின் பெயர் மீண்டது. வெளியான நாளில் இருந்த ஆட்டமும் இன்றுள்ள ஆட்டமும் ஒன்றா என்ற கேள்வி தரம் குறித்த பேச்சில் புதியது. திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி, திருத்தாமல் விற்கும் துணிவையும் தருகிறது என்போர் உண்டு.

ஸ்டார்ஃபீல்ட்: மீண்டும் பரப்பு

2023 செப்டம்பர் 6 அன்று பெதெஸ்டா வெளியிட்ட ஸ்டார்ஃபீல்ட், 1,000-க்கும் மேற்பட்ட கோள்களை முன்வைத்தது. நகரங்களும் முக்கியக் கதைகளும் கையால் செய்யப்பட்டவை. கோள்களின் நிலத்தை நிரல் உருவாக்கியது. அந்நிலங்களில் முன்பே செய்த ஆய்வுக்கூடம், சுரங்கம், கொள்ளையர் முகாம் போன்றவை வைக்கப்பட்டன. இதனால் ஒரு கோளில் கண்ட கட்டடம், அதே அறைகள், அதே சடலங்கள், அதே குறிப்புத்தாள்களோடு பல ஒளியாண்டுகளுக்கு அப்பால் இன்னொரு கோளிலும் இருந்தது. ஸ்கைரிமில் இரண்டு இடங்களுக்கு இடையே இருந்த நடை, இங்கு ஏற்றத் திரைகளாக மாறியது. போகும் வழியில் எதிர்பாராமல் கண்ணில் படுவதற்கு வழி என்ற ஒன்றே இல்லை.

வெறுமையான கோள்கள் குறித்த புகாருக்கு, நிலவில் இறங்கிய விண்வெளி வீரர்களுக்கு அலுப்புத் தட்டவில்லையே என்ற பொருளில் நிறுவனத்தார் விளக்கம் தந்தனர். விண்வெளியின் தன்மைக்கு அது உண்மைதான். ஆனால் விண்வெளி வீரர் திரும்பி வரும்போது அதே பள்ளத்தை இன்னொரு நிலவில் கண்டிருக்க மாட்டார். எலைட்டின் பதிப்பாளர் 1984-ல் அஞ்சியது இதையே. அடுத்த ஆண்டு வந்த ஷட்டர்ட் ஸ்பேஸ் விரிவாக்கம் ஒரே கோளில் கையால் செய்த ஒரு பகுதியை மையமாகக் கொண்டிருந்தது.

மதிப்பீடு

இந்த வரலாற்றில் பரப்பளவு தரத்தைத் தீர்மானித்ததில்லை. டாகர்ஃபாலின் பெருநிலத்தைவிட மோரோவிண்டின் தீவு நினைவில் நிற்கிறது. எனினும் சிறியதெல்லாம் சிறந்தது என்றும் கொள்ள முடியாது. ஸ்கைரிமின் தொலைதூர மலையும் எல்டன் ரிங்கின் அகன்ற நிலமும் தரும் உணர்வு, சுருக்கினால் மறைந்துவிடும். ஓர் இடத்திற்குப் போக ஆட்டக்காரருக்குக் காரணம் இருக்கிறதா, அங்கே அவர் செய்வதை உலகம் கவனிக்கிறதா என்ற இரண்டு கேள்விகளே நீண்டகால மதிப்பை முடிவு செய்திருக்கின்றன. குடிசைக்குள் நுழைந்தவரை எச்சரிக்கும் கோதிக்கின் சுரங்கத் தொழிலாளியும், வேலனின் பிரபுவும் இந்த இரண்டாவது கேள்விக்கான விடைகள்.

எல்லாக் குறைகளையும் சுதந்திரத்தின் பெயரால் மன்னிக்கவும் இயலாது. தள்ளாடும் சேமிப்புக் கோப்பு, மறைக்கப்பட்ட பழைய கருவிப் பதிப்பு போன்றவை வாங்கியவருக்கு இழைக்கப்பட்ட குறைகள். லெவல் சமன்செய்தல், உடையும் ஆயுதம், குறியில்லாத வரைபடம் போன்றவை வடிவமைப்பின் தேர்வுகள். முன்னவற்றைத் திருத்த வேண்டும். பின்னவற்றைப் பற்றி வாதிடலாம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசும்போதுதான் விவாதம் வெறும் சண்டையாகிறது.

2025 ஏப்ரல் 22 அன்று ஒப்லிவியனின் மறுஉருவாக்கம் வெளியானது. லெவல் ஏறும் முறை திருத்தப்பட்டது, காட்சிகள் அன்ரியல் என்ஜின் 5 கொண்டு புதிதாக வரையப்பட்டன. ஆனால் 2006 பதிப்பில் ஒரு பாத்திரம் பேசும்போது, குரல் கொடுத்தவர் தடுமாறி, அந்த வரியை மறுபடி சொல்கிறேன் என்று கேட்பது தவறுதலாக வெட்டப்படாமல் இருந்தது. அந்தப் பதிவைத் திருத்தாமல் அப்படியே விட்டுவைத்தார்கள். ரசிகர்கள் பத்தொன்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சிரித்துவந்த பிழை அது.